பெஞ்ச் டிரில்லிலேயே அம்பு முனை: முதல் ஆறு முனை செய்பவர்களுக்கு

வீட்டில் அம்பு முனை செய்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நல்லா கூரா வருமா?" என்பதுதான். கூர் வரும். கையில் ஒரு அரமும் அரை மணி நேரமும் இருந்தால் யாருக்கும் வரும். சுலபத்தில் வராதவை வேறு இரண்டு. முனையின் நடுக்கோடும் தண்டின் நடுக்கோடும் ஒன்றாக இருக்கவேண்டும். செய்கிற ஆறு முனைகளும் ஒரே எடையில் இருக்கவேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மழுங்கிய முனைகூட சொன்ன இடத்தில் போய்க் குத்தும், அமையாவிட்டால் ஊசி மாதிரி தீட்டினாலும் ஒன்று இடது பக்கம், ஒன்று கூரை மேல்.

இங்கே சொல்வது இலக்குப் பலகைக்கான முனை மட்டும். வேட்டைக்கான அகல முனைகள் இதில் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு இங்கே வேலையும் இல்லை. இன்னொன்று, நீங்கள் கடையில் வாங்கிய கார்பன் தண்டு வைத்திருந்தால் முனையையும் கடையிலேயே வாங்கிவிடுங்கள், அந்தத் தண்டின் துளைக்குள் இறுக்கமாகப் போகும் முனையின் வாலை அரத்தால் உருட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. மூங்கில் தண்டில் அம்பு செய்கிறவர்களுக்குத்தான் இது. மூங்கில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும் என்பதால், தண்டுக்கு ஏற்ற முனையை நாமே செய்துகொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

வாங்க வேண்டியவை

10 மிமீ பிரைட் ராடு (மேலே பளபளவென்று வழவழப்பாக இருக்கும் இரும்புக் கம்பி) ஒரு மீட்டர். சென்னையில் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெரு, அதைச் சுற்றியுள்ள சந்துகள், இல்லையென்றால் அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து ஸ்டீல் கடைகளில் கேட்கலாம். கருப்பாக, மேலே செதில் படிந்த ராடு வேண்டாம், கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி வேண்டவே வேண்டாம். ஈஎன்1ஏ என்ற 'ஃப்ரீ கட்டிங்' ரகம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, அரம் வெண்ணெயில் போவது போலப் போகும். கிடைக்காவிட்டால் சாதாரண எம்எஸ், அதாவது மைல்டு ஸ்டீல், போதும். சில ஃப்ரீ கட்டிங் ரகங்களிலும் பித்தளை ராடிலும் ஈயம் கொஞ்சம் கலந்திருக்கும், அதனால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்காதீர்கள்.

ராடை எடை போட்டுத்தான் தருவார்கள். கட்டட வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் கணக்கு சொல்வார்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 மிமீக்கு 100 வகுத்தல் 162, அதாவது 617 கிராம். ஒரு மீட்டரில் சேதாரம் போக இருபது முனை வரும். முதல் நான்கைந்து குப்பைக்குப் போகும் என்று இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

மெஷின், 13 மிமீ சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள சாதாரண பெஞ்ச் டிரில், அதாவது மேசை மேல் நிற்கும் துளை போடும் மெஷின். லேத் (கடைசல் மெஷின்) இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. அதோடு டிரில் மேசையில் போல்ட் போட்டு இறுக்கக்கூடிய ஒரு மெஷின் வைஸ், இரண்டு தாடையால் பொருளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி. இதை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம்: அசையாத தாடையில் மேலிருந்து கீழாக 'வி' வடிவ வெட்டு இருக்கவேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். 7 மிமீ டிரில் பிட் ஒன்று, கட்டையானதாக, புதிதாக. ஆக்சா பிளேடு, முரட்டு அரம் ஒன்று, நைஸ் அரம் ஒன்று, இரண்டுக்கும் மரப்பிடி. உப்புத்தாள், விட்டமும் நீளமும் நுணுக்கமாக அளக்க வெர்னியர், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு.

அளவு

முனையின் மொத்த நீளம் 30 மிமீ. முன்னால் 10 மிமீ கூம்பு, பின்னால் 20 மிமீ உடல். உடலுக்குள் பின்பக்கத்திலிருந்து 7 மிமீ விட்டத்தில் 15 மிமீ ஆழத்துக்கு ஒரு குழி. தண்டின் நுனியை 7 மிமீக்கு இழைத்து, அதன் மேல் முனையைத் தொப்பி மாதிரி மாட்டப்போகிறோம். உடலின் வெளிவிட்டம் முன்னால் 9.2 மிமீ, பின் விளிம்பில் 8.4 மிமீ.

10 மிமீ ராடை ஏன் 9.2க்குக் குறைக்கவேண்டும் என்றால், உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி தண்டு 9.3 மிமீக்கு மேல் போகக்கூடாது, முனை 9.4 மிமீக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் போட்டிக்குப் போகாமல் இருக்கலாம், ஆனால் நாளைக்குப் போக ஆசை வந்தால் மறுபடி ஆறு முனை அராவ வேண்டாமே.

பின் விளிம்பை ஏன் 8.4க்கு இறக்குகிறோம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை செய்த ஆறில் உடலை ஒரே கனமாக விட்டுவிட்டேன். 8 மிமீ தண்டும் 10 மிமீ முனையும் சேருகிற இடத்தில் ஒரு படி மாதிரி நின்றது. அம்பு பலகையில் அழகாகத்தான் குத்தியது. இழுத்தால் வெறும் மூங்கில் மட்டும் கையோடு வந்தது, முனை உள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் படி பலகையின் ஃபோமில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு பசையைப் பிய்த்துவிட்டது. ஆறில் நான்கு அப்படிப் போயின. பலகைக்குச் சொந்தக்காரர் கத்தியால் குடைந்து எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அது வேறு கதை.

இந்த அளவில் இரும்பு முனை ஒன்று 6.5 முதல் 7 கிராம் வரை வரும். வில்வித்தைக்காரர்கள் பேசுவது கிரெய்ன் கணக்கில்: ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். 6.5 கிராம் என்றால் 100 கிரெய்ன், 7 கிராம் என்றால் 108. பித்தளையில் செய்தால் இதே அளவுக்கு எட்டு சதவீதம் போலக் கூடும்.

தலைகீழாகத் துளை போடுவது

விஷயமே இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

வழக்கமாக நாம் என்ன செய்வோம்? ராடை வைஸில் நிறுத்தி, நடுவில் பஞ்ச் அடித்து, மேலேயிருந்து பிட்டை இறக்குவோம். அப்படிச் செய்தால் குழி ஒரு பக்கம் ஒதுங்கியே தீரும். கண்ணுக்கு நடு மாதிரித் தெரியும், வெர்னியர் வைத்தால் ஒரு பக்கச் சுவர் 1 மிமீ, எதிர்ப்பக்கம் 2 மிமீ. அந்த முனையை மாட்டிய அம்பு பறக்கும்போதே தலையை ஆட்டும்.

இதை மாற்றிச் செய்யவேண்டும். ராடு சக்கில் சுற்றட்டும், பிட் வைஸில் சும்மா நிற்கட்டும். சுற்றுகிற பொருளுக்கு நடு என்று ஒரே ஓர் இடம்தான் உண்டு, பிட் அதைத் தானே தேடிப்போகும். இந்த வித்தையை எனக்குக் காட்டியவர் அம்பத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். டிரில் மெஷினை லேத்தாக்கப் பார்க்கிறாயா தம்பி என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் காட்டினார்.

பிட்டை நேராக நிறுத்துவதற்கு முதலில் அதைத் தலைகீழாக, அதாவது நுனி மேலே பார்க்க, சக்கில் லேசாகப் பிடியுங்கள். நுனிப் பக்கம் 10 மிமீ சக்குக்குள் போனால் போதும். இப்போது சக்கை இறக்கி, கீழே தொங்கும் பிட்டின் அடித்தண்டை வைஸின் அந்த 'வி' வெட்டுக்குள் கொண்டுவந்து வைஸை இறுக்குங்கள். வைஸை மேசையோடு போல்ட் போட்டு அசையாமல் முடுக்குங்கள். பிறகு சக்கைத் தளர்த்தி மேலே ஏற்றினால் பிட் சக்கின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே நுனியை மேலே காட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு மேல் மேசையையும் வைஸின் அடியையும் தொடக்கூடாது. கை பட்டு நகர்ந்தது என்று சந்தேகம் வந்தால்கூட முதலிலிருந்து ஆரம்பியுங்கள். தாடையைத் திறந்து பிட்டை மட்டும் எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். அசையாத தாடையின் 'வி' வெட்டு அதே இடத்துக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்காகத்தான் வாங்கும்போதே பார்க்கச் சொன்னேன்.

ராடை 48 மிமீ துண்டுகளாக அறுத்து, ஒரு முகத்தைத் தட்டையாக அராவிக்கொள்ளுங்கள். தட்டை முகம் கீழே இருக்க, மேல்பக்கம் 15 மிமீ சக்குக்குள் போக, சக் சாவியால் மூன்று ஓட்டையிலும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் சுவிட்சைப் பற்றி நினைக்கவேண்டும். பெல்ட்டை நிமிடத்துக்கு 700 அல்லது 800 சுற்று வருகிற புல்லியில் போடுங்கள். ஆழம் 15 மிமீயில் நிற்கும்படி டிரில்லின் ஸ்டாப்பர் நட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓட விடுங்கள். முதல் தொடுதல் பூ மாதிரி இருக்கட்டும். பிட் நடுவைக் கண்டுபிடிக்கும் வரை ஒரு சின்ன நடுக்கம் கைப்பிடியில் தெரியும், அப்புறம் சட்டென்று அடங்கும். அடங்கிய பிறகுதான் அழுத்தம். இரண்டு மிமீக்கு ஒருமுறை மேலே ஏற்றி, பிரஷ்ஷால் ஒரு சொட்டு எண்ணெய் வையுங்கள். கட்டிங் ஆயில் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் போதும், இந்தச் சின்ன வேலைக்கு அது தாராளம், வீடு முழுக்க அப்பளம் பொரித்த வாசனை வரும் என்பதுதான் ஒரே தொல்லை. குழியின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் இரும்புச் சுருள் தானே கொட்டிவிடும். பித்தளை என்றால் இன்னும் மெதுவாகப் போங்கள், பிட்டை அது வெடுக்கென்று உள்ளே இழுக்கும்.

குழி 7 மிமீக்குப் பதில் 7.2 வந்தால் கவலை வேண்டாம், பசை நிரப்பும். 7.5 வந்தால் பிட் நேராக நிற்கவில்லை என்று அர்த்தம், பிட்டைத் திரும்ப நிறுத்துங்கள்.

பிடித்த பிடியை விடாமல் அராவுவது

குழி முடிந்ததும் மெஷினை நிறுத்தி வைஸிலிருந்து பிட்டை எடுத்துவிடுங்கள். மேலே பார்த்து நிற்கிற பிட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்து அராவுவது பைத்தியக்காரத்தனம். ஆனால் சக்கில் இருக்கும் துண்டை எடுக்காதீர்கள். குழி, உடல், கூம்பு மூன்றும் ஒரே பிடியில் முடிந்தால்தான் மூன்றுக்கும் ஒரே நடுக்கோடு. பழைய சக் லேசாக ஆட்டம் போட்டாலும் பரவாயில்லை, மூன்றும் சேர்ந்தே ஆடியிருக்கும். நடுவில் கழற்றி மாட்டினால் அந்த ஆட்டம் அப்படியே முனையில் வந்து உட்கார்ந்துவிடும்.

மரப்பிடி போட்ட முரட்டு அரத்தை ராடின் வலப்பக்கம் வைத்து முன்னோக்கித் தள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் சுழற்சி உங்களை நோக்கி வரும், அரம் அதை எதிர்த்துத் தின்னும். எங்காவது மாட்டிக்கொண்டால் அரமும் உங்களை நோக்கித்தான் வரும், பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் இறங்கிவிடும். அதனால்தான் பிடி, பிடி என்று சொல்கிறேன். பக்கவாட்டில் அமுக்கவும் கூடாது. டிரில் மெஷினின் பேரிங் மேலிருந்து கீழ் வரும் அழுத்தத்துக்குச் செய்தது, பக்கத்தில் தள்ளித் தள்ளி அராவினால் சக் அதைத் தாங்கும் கூம்புத் தண்டிலிருந்து கழன்று மேசையில் விழும். சுற்றிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. லேசாக, நீளமாக, பொறுமையாகப் போங்கள்.

முதலில் உடல் முழுக்க 9.2. அப்புறம் குழி வாய்ப் பக்கம் மட்டும் சரிவாக 8.4 வரை. அங்கே சுவர் 0.7 மிமீதான் இருக்கும், பயப்படாதீர்கள், பசையும் மூங்கிலும் உள்ளே நிரம்பியபின் அது நசுங்காது. பிறகு குழி வாயிலிருந்து 20 மிமீ தள்ளி ஒரு கோடு போட்டு, அங்கிருந்து சக் தாடை வரை பென்சில் சீவுவது போலக் கூம்பாக்கிக்கொண்டே போங்கள். கூம்பு சக்கின் பக்கம் ஒல்லியாகி, 5 மிமீ கழுத்து மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். நான் பேராசைப்பட்டு 3 மிமீ வரை போனேன், கழுத்து முறிந்து முனை பறந்து வாஷிங் மெஷினுக்கு அடியில் போனது, நல்லவேளை கண்ணில் கண்ணாடி இருந்தது.

மெஷினை நிறுத்தி, துண்டை எடுத்து, இரண்டு மரத்துண்டுக்கு நடுவே வைஸில் பிடித்து, கழுத்தை ஆக்சா பிளேடால் அறுங்கள். மிச்சக் கூரைக் கையால் நைஸ் அரத்தில் முடித்து உப்புத்தாளில் உருட்டுங்கள். நுனியை ஊசியாக்காமல் லேசாக உருட்டி விடுங்கள், பலகையும் நாள்படும், அம்பும் சுலபமாக வெளியே வரும்.

உடை விஷயம் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கோயிலில் மணிக்கட்டில் கட்டிவிட்ட கயிறு, அவிழ்த்த முடி எதுவும் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கையுறையும் கூடாது, பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டால் அது விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மெஷினுக்கு அடியில் பழைய டயர் ரப்பர் போடுங்கள், மதியம் இரண்டு மணிக்கு ஓட்டாதீர்கள், கீழ்வீட்டு மாமி தூங்கும் நேரம்.

நெருப்பில் காட்டலாமா?

பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் முனை உறுதியாகும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எம்எஸ் ராடில் கார்பன் மிகக் குறைவு, முக்கினாலும் சொல்லும்படி இறுகாது. அது வெறும் சடங்கு. பலகையில் குத்துகிற முனைக்கு அந்த உறுதி தேவையும் இல்லை.

சென்னையில் உண்மையான பிரச்சினை துருதான். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ராத்திரி மேசையில் வைத்த முனையைக் காலையில் பார்த்தால் தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த இரும்புப் பொருட்கள் இருக்கின்றன, ஒருமுறை போய்ப் பாருங்கள். நம் ஊரில் இரும்பை அடித்து ஆயுதம் செய்தது எத்தனை பழைய கதை என்பதும் தெரியும், துரு என்னவெல்லாம் செய்யும் என்பதும் தெரியும். சாதாரண எம்எஸ் என்றால் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரியே பழக்கலாம்: வெட்டவெளியில் கரி அடுப்பில் சூடு காட்டி, மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை அடங்கியதும் மறுபடி ஒரு தடவை. கருப்பாக ஒரு பூச்சு பிடிக்கும். ஈயம் கலந்த ரகத்தை நெருப்பில் காட்டவேண்டாம், எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும்.

எடையும் மாட்டலும்

எல்லா முனையையும் தராசில் போட்டு, எடையை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு செட்டில் அதிகமும் குறைவும் 0.1 கிராமுக்குள் இருக்கவேண்டும், அது ஒன்றரை கிரெய்ன். அதிகமாக இருப்பதைக் கூம்பும் உடலும் சேருகிற இடத்தில் நைஸ் அரத்தால் சுற்றிலும் சமமாகக் குறையுங்கள். குறைவாக இருப்பதை ஒன்றும் செய்யமுடியாது, அடுத்த செட்டுக்கு எடுத்து வையுங்கள். எட்டு செய்தால் ஒத்துப்போகிற ஆறு கிடைக்கும், அதுதான் நடைமுறை.

மூங்கில் தண்டின் நுனியை 15 மிமீ நீளத்துக்கு 7 மிமீயாக்க, தண்டைக் கை டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாளால் பிடியுங்கள். முனையைப் பசையில்லாமல் மாட்டிப் பார்த்து, ஆடாமல் உட்கார்ந்தால் சரி. குழிக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் ஒட்டாது, தின்னர் நனைத்த பஞ்சால் இரண்டு முறை துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அரால்டைட் (எபாக்சி பசை) போட்டால் நிரந்தரம். ஈயம் கலக்காத முனை என்றால் எனக்குப் பிடித்தது ஹாட் மெல்ட் குச்சி, சூட்டில் உருகும் பசை: இடுக்கியில் பிடித்த முனையைச் சூடு காட்டி, உருகிய பசையைக் குழிக்குள் விட்டு, தண்டை ஒரு திருகு திருகிச் செருகி, ஈரத்துணியில் வைத்தால் முடிந்தது. தண்டு உடைந்தால் மறுபடி சூடு காட்டி முனையைக் காப்பாற்றலாம். சூடு இரும்புக்குத்தான், மூங்கிலுக்குக் காட்டினால் கருகிப் பிளக்கும்.

காய்ந்ததும் இரண்டு சோதனை. அம்பை ஒரு விரல் மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள்: 70 செமீ அம்பு என்றால் நடுவிலிருந்து முனைப் பக்கமாக 5 முதல் 10 செமீக்குள் இருக்கட்டும். அடுத்து, அம்பின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திப் பம்பரம் மாதிரி சுண்டுங்கள். நடுக்கோடு சரியாக இருந்தால் நகத்தில் வழவழவென்று சுற்றும், கோணல் இருந்தால் கடகடவென்று அதிர்வு தெரியும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

எய்வது மட்டும் பின்தடுப்பு உள்ள, பயிற்சியாளர் நிற்கிற இடத்தில். மொட்டை மாடியும் கடற்கரையும் இதற்கான இடமே இல்லை. பலகையிலிருந்து உருவும்போது தண்டை முனைக்குப் பக்கத்தில் பிடித்து நேராக இழுங்கள், உருவியதும் முனையை விரலால் ஒரு திருகு திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அந்த அம்பு அன்றைக்குப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.